லேபிள் எழுதினவன்

உட்காருங்க தம்பி, எங்கே எழுந்து ஓடறீங்க. மூணு மணி ஆகாம கேட்டைத் திறக்க மாட்டான். நம்ம டிரைவர் அதோ டீக்கடையில சட்டையைக் கழட்டி மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான், அவனுக்கே அவசரமில்லை. இது ஜாரவா ஆதிவாசிங்க இருக்கிற காடு, தனி வண்டி போகக் கூடாது. முன்னால ஒரு போலீஸ் ஜீப், பின்னால ஒரு போலீஸ் ஜீப், நடுவுல நாம எல்லாரும் வரிசையாப் போகணும். அதுவரைக்கும் இந்த வேகாத வெயில்ல பஸ்ஸுக்குள்ள வெந்துக்கிட்டுத்தான் இருக்கணும்.

சுண்ணாம்புக் குகை பார்க்கத்தானே வந்தீங்க? கால்ல சேறு, கழுத்துல கேமரா, கேட்காமலே தெரியுது. ஈரோடா? சரி. ஈரோட்டுல இருந்து கிளம்பி, பிளேன் ஏறி, பஸ் ஏறி, படகு ஏறி, கடைசியில ஒரு ஓட்டைக்குள்ள போய் நின்னா, கைடு டார்ச் அடிச்சு 'இது பாருங்க யானை மாதிரி, இது பாருங்க பிள்ளையார் மாதிரி'ன்னு சொல்லியிருப்பான். நீங்களும் கன்னத்துல போட்டுக்கிட்டிருப்பீங்க. மேலே வவ்வால் தொங்கினதைப் பார்த்தீங்களா? பார்க்கலையா. அதான் சொல்றேன். அந்தக் குகையில இருக்கிற ஒரே உயிருள்ள சங்கதி அதுதான், அதை விட்டுட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வந்திருக்கீங்க.

எனக்கும் வவ்வால்னா பெரிய பிரியமெல்லாம் கிடையாது. நாத்தம் பிடிச்ச ஜந்து. ஆனா அதனாலதான் இன்னிக்கு நான் காலையில நாலு மணிக்கு எழுந்து முதல் வண்டியைப் பிடிச்சு இங்கே பாரட்டாங்குக்கு வந்தேன். எதுக்குன்னு கேளுங்க. ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்றதுக்கு. போன்லயே சொல்லியிருக்கலாம். பத்து தடவை சொன்னேன், புரியலை. சில பேருக்கு நேர்ல வந்து முகத்துக்கு நேரா சொன்னாத்தான் மண்டையில ஏறும்.

என் பேர் தணிகாசலம். போர்ட் பிளேர்ல அரசாங்க ஆபீஸ் ஒண்ணு இருக்கு, பேர் எதுக்கு, பூச்சி, பாம்பு, மீன், வவ்வால் எல்லாத்தையும் பிடிச்சு ஸ்பிரிட் பாட்டில்ல போட்டு அலமாரியில அடுக்கி வைக்கிற இடம். அங்கே முப்பத்திநாலு வருஷம் இருந்தேன். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு. என்ன வேலைன்னு கேட்டீங்கன்னா, லேபிள் எழுதற வேலை. சிரிக்காதீங்க. உங்க ஊர் மஞ்சள் மூட்டைக்கு ஒட்டற லேபிள் இல்லை. தீப்பெட்டி அகலம் இருக்கும், அதுக்குள்ள எந்த இடம், எந்தத் தேதி, பிடிச்ச வரிசையில எத்தனையாவது நம்பர், யார் பிடிச்சது, என்ன ஜந்து, எல்லாம் வந்துடணும். பால்பாயின்ட் பேனாவால எழுதினா ஸ்பிரிட்டுல கரைஞ்சு போயிடும், பென்சில்ல எழுதணும், இல்லைன்னா இந்தியன் இங்க். எழுதிட்டுப் பாட்டிலுக்கு உள்ளேயே போடணும். அந்தக் காகிதம் இல்லைன்னா உள்ளே கிடக்கிறது வெறும் ஊறுகாய். இதை நான் சொல்லலை, எங்க பெரிய ஆபீசர் தத்தா சார் சொல்லுவார். அவர் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

தத்தா சார் கல்கத்தாக்காரர். இந்தத் தீவுகள்ல என்னென்ன வவ்வால் இருக்குன்னு புஸ்தகம் எழுதினவர். புஸ்தகம் எழுதினவருக்குப் படகுல ஏறினாலே வாந்தி. தீவுகளைப் பத்தி எழுதறவருக்குக் கடல் ஒத்துக்கலைன்னா பார்த்துக்குங்க. கரையில கால் வைக்கிறவரைக்கும் தலையைத் தூக்க மாட்டார், கால் வைச்ச உடனே இறங்கினவங்க எல்லாரையும் திட்டுவார். ஆனா எழுத்து மணி மணியா இருக்கும்.

பிடிக்கிற வேலை குஜூருக்கு. ஜூலியஸ் குஜூர்னு ஒரு மஸ்தூர், தினக்கூலி. ராஞ்சிக்காரன். அந்தக் காலத்துல காடு வெட்ட ராஞ்சிப் பக்கத்துல இருந்து கூட்டம் கூட்டமாக் கொண்டுவந்து இறக்கினாங்க இல்லையா, அந்த வம்சம். இந்தி ஏதோ எழுத்துக் கூட்டிப் படிப்பான், இங்கிலீஷ் சுத்தமாத் தெரியாது. வவ்வாலைப் பிடிச்சா மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பார்ப்பான். நெசமாத்தான். மோந்துட்டு, 'இது அந்தக் குகையில பிடிச்ச ஜாதி இல்லை சாப், வாசனை வேற'ம்பான். தத்தா சார் அளவுகோல், லென்சு, புஸ்தகம் எல்லாம் பரப்பி வச்சுக்கிட்டு அரை நாள் பார்த்து ஒரு பேர் சொல்லுவார், இவன் மோந்து பார்த்து ஒண்ணு சொல்லுவான். நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்.

சில சமயம் அவன் சொன்னது சரியா இருக்கும். அது கிடக்குது, நாய் கூடத்தான் மோந்து பார்த்துக் கண்டுபிடிக்குது.

இப்ப என்கிட்ட அந்தக் கையெழுத்தைக் கேட்கிற பொண்ணு கதைக்கு வர்றேன். பெனிட்டான்னு பேர், மார்த்தாண்டம் பக்கம். டாக்டர். ஊசி போடற டாக்டர் இல்லை, வவ்வால் டாக்டர். இடுப்புல டார்ச், தோள்ல வலை, கையில ஒரு மெஷின். நம்ம காதுக்குக் கேட்காத வவ்வால் சத்தத்தை அந்த மெஷின் கேட்குமாம். கேட்டு இது இன்ன வவ்வால்னு சொல்லுமாம். குஜூர் மோந்து பார்த்தான், இவ ஒட்டுக் கேட்கிறா, அவ்வளவுதான் முன்னேற்றம். இந்தத் தீவுகள்ல ஒவ்வொண்ணுலயும் வேற வேற வவ்வால் இருக்கு அங்கிள், இன்னும் பாதியைக் கூட யாரும் பார்க்கலைன்னு கண்ணை அகட்டிக்கிட்டுச் சொல்லும். வருஷத்துக்கு ஒருத்தர் வந்து புது வவ்வால் கண்டுபிடிச்சேன்னு பேப்பர்ல போட்டோ கொடுக்கிறாங்க. அது பாட்டுக்கு லட்சம் வருஷமாத் தலைகீழாத் தொங்கிக்கிட்டிருக்கு, அதுக்குத் தெரியுமா தான் புதுசுன்னு?

இந்தப் பொண்ணு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஆபீஸுக்கு வந்து பழைய பாட்டில்களை எல்லாம் இறக்கி வச்சு ஒண்ணொண்ணா அளந்திருக்கு. நான் ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அந்த அலமாரியை எவனும் திறந்திருக்க மாட்டான். அதுல ஒரு வவ்வால், கட்டைவிரல் நீளம், மூக்கு மேல இலை மாதிரி ஒரு மடிப்பு. அந்த மடிப்பு மத்ததுல இருக்கிற மாதிரி இல்லையாம். நகக்கண் அளவு சதையை வெட்டி எங்கேயோ அனுப்பிப் பரிசோதனை பண்ணி, உலகத்துலயே வேற எங்கேயும் இல்லாத இனம்னு முடிவு வந்திருக்கு. உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு, அதுவும் எங்க அலமாரியில, கீழ்த் தட்டுல.

லேபிள்ல என்ன இருந்துச்சு? பாரட்டாங். 1993 பிப்ரவரி 14. தத்தா சார் பேர். என் கையெழுத்து, முத்து முத்தா. அதை நம்பி இந்தப் பொண்ணு ரெண்டு சீசன் இந்த பாரட்டாங்ல இருக்கிற பொந்து, குகை ஒண்ணு விடாம ஏறி இறங்கியிருக்கு. சேத்துல விழுந்து கை எலும்பு முறிஞ்சு, கட்டோட திரிஞ்சிருக்கு. வேற வவ்வால் ஆயிரம் மாட்டிச்சு, இது மட்டும் மாட்டலை. மாட்டாது. எப்படி மாட்டும்? அது பாரட்டாங் வவ்வாலே இல்லையே.

இருங்க, அவசரப்படாதீங்க, சொல்றேன்.

இங்கே இருந்து வடக்கே பெக்கெட் தீவுன்னு ஒரு சின்னத் தீவு. ஆள் கிடையாது, தண்ணி கிடையாது, பாறையும் நண்டும்தான். அந்தப் பிப்ரவரியில முதல்ல பாரட்டாங் வந்தோம், அடுத்து அங்கே போனோம். வடக்குப் பக்கம் பாறையில ஒரு குகை, கடல் உள்ளே போய் வர்ற குகை. தண்ணி வத்தின நேரத்துல ஒரு மணி நேரம்தான் வாய் தெரியும், அப்புறம் மூடிக்கும். டுங்கியில, அதான் சின்னப் படகுல, தத்தா சார் படுத்து வாந்தி எடுத்துக்கிட்டிருந்தார். நான் லேபிள் பெட்டியை நனையாமப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். குஜூர் கைவலையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, அளவுக் கயிறை இடுப்புல சொருகிக்கிட்டு நீந்தி உள்ளே போனான். தண்ணி ஏற ஆரம்பிச்சிடுச்சு, ஆள் வரலை. சரி, போய்ச் சேர்ந்துட்டான்னு நினைச்சேன். வர்றான், கன்னம் கிழிஞ்சு ரத்தம், அவுத்த சட்டையை மூட்டையாக் கட்டித் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. மூட்டைக்குள்ள ஒரே ஒரு வவ்வால்.

மோந்து பார்த்துட்டு, 'சாப், இதை இதுக்கு முன்னாடி நாம பிடிச்சதே இல்லை'ன்னான். தத்தா சார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துட்டு, பாரட்டாங்ல பிடிச்ச அதே ஜாதிதான், எழுதிக்கோன்னு திரும்பப் படுத்துட்டார். நான் பென்சிலை எடுத்தேன். அப்ப குஜூர் என்கிட்ட, பிடிச்சவன் பேர் எழுதற இடத்துல என் பேரை எழுதுங்க பாபுன்னான். வழக்கமா அங்கே ஆபீசர் பேர்தான் எழுதுவோம். யார் நீந்தினாலும் பிடிச்சது ஆபீசர்தான், அதுதான் முறை. ஆனா அவன் ரத்தம் சொட்டச் சொட்ட என் முன்னாடி நிக்கிறான், லேபிள் மேல சொட்டிடப் போகுதேன்னு எனக்குப் பயம். எழுதித் தொலைச்சேன்.

அடுத்த வருஷம் இன்ஸ்பெக்ஷன் வந்துச்சு. மேலிடத்துல இருந்து பெரிய ஆளுங்க. எல்லாப் பென்சில் லேபிளையும் இந்தியன் இங்க்ல அழகா எழுதி வைன்னு தத்தா சார் உத்தரவு. எழுதிக்கிட்டே வர்றேன், இந்த பாட்டில் வருது. அப்பத்தான் அவர் புஸ்தகமும் அச்சாகி வந்திருந்தது. புஸ்தகத்துல தெளிவாப் போட்டிருக்கு, இந்த ஜாதி வவ்வால் பெரிய தீவுகள்ல மட்டும்தான் இருக்கும், தண்ணியில்லாத சின்னத் தீவுகள்ல கிடையாதுன்னு. பாட்டில் பெக்கெட் தீவுங்குது. புஸ்தகமும் பாட்டிலும் ஒரே அறையில இருக்கு. வர்றவன் ரெண்டையும் பார்த்து இது ஏன் இப்படின்னு கேட்டா யார் கழுத்து மாட்டும்? எழுதினவன் கழுத்து. அச்சடிச்ச புஸ்தகத்தைத் திருத்த முடியுமா? பாட்டிலைத் திருத்தினேன். பாரட்டாங்னு எழுதினேன். கையோட மஸ்தூர் பேரையும் எடுத்துட்டு தத்தா சார் பேரைப் போட்டேன். பழைய லேபிளைக் குப்பையில போட்டேன். பழைய லேபிளைப் பாட்டிலை விட்டு எடுக்கவே கூடாதுன்னு ஒரு சட்டம் உண்டு, இல்லைன்னு சொல்லலை. இன்ஸ்பெக்ஷன்ல என்ன சொன்னாங்க தெரியுமா? ஒரு குறை கூட இல்லைன்னு எழுதிட்டுப் போனாங்க. தத்தா சாருக்கு பிரமோஷன் வந்துச்சு.

எனக்கு என்ன வந்துச்சுன்னு கேட்கிறீங்களா. ஒண்ணும் வரலை. பதினோராயிரம் லேபிளுக்கு மேல எழுதியிருக்கேன் தம்பி. பாம்பு பேர், பூரான் பேர், அதைப் பிடிச்சவன் பேர், அதுக்குப் பேர் வச்சவன் பேர். எழுதினவன் பேருக்கு அதுல இடம் கிடையாது. ஒரு லேபிள்ல கூட தணிகாசலம்னு இல்லை. நான் யார்கிட்டயாவது போய் என் பேரை எழுதுன்னு நின்னேனா?

சரி. இந்தப் பொண்ணு கெட்டிக்காரி, அதையும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆபீஸ் ரிஜிஸ்டரைப் பார்த்திருக்கு. இந்த பாட்டிலுக்கு முந்தின பாட்டில்ல ஒரு பல்லி, அடுத்த பாட்டில்ல ரெண்டு நண்டு, ரெண்டும் பெக்கெட் தீவு, அதே பிப்ரவரி 14. நடுவுல வவ்வால் மட்டும் எப்படி பாரட்டாங்ல மாட்டுச்சுன்னு என் வீட்டு வாசல்ல வந்து நிக்குது. போன வருஷம் மழை முடிஞ்ச உடனே. நான் காப்பி கொடுத்து, லேபிள்ல என்ன இருக்கோ அதுதான் உண்மைம்மான்னு அனுப்பிட்டேன். விடுதா? போனுக்கு மேல போன். 'இடம் சரியாத் தெரியலைன்னா புது இனம்னு வெளியிட முடியாது சார், பெக்கெட் தீவுக்குப் போக அனுமதி கேட்டா ஆதாரம் கேட்கிறாங்க சார், நீங்க லேபிளை மாத்தி எழுதினதா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும் சார், யாரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டாங்க சார்.' யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்களாம். முப்பத்திநாலு வருஷத்துக்கு ஒரு குறை இல்லைன்னு எழுதி வாங்கின ஆள்கிட்ட, நீ தப்புப் பண்ணினேன்னு எழுதிக் கொடுன்னா?

அது கூடப் பரவாயில்லை. அடுத்தது கேளுங்க. அந்த வவ்வாலுக்கு யார் பேரை வைக்கப் போகுதாம்? குஜூர் பேரை. பிடிச்சது அவர்தான்னு அவரோட பொண்ணு சொல்றாங்க சார், அது உண்மைன்னா அவர் பேர்ல 'குஜூரி'ன்னு வைப்பேன்னு சொல்லுது. குஜூரி. கேட்கவே எப்படி இருக்கு பாருங்க. உலகம் பூரா இருக்கிற புஸ்தகத்துல இனிமே ஒரு மஸ்தூர் பேர் இருக்கும். தத்தா சார் பேர்ல ஒரு பூச்சி கூடக் கிடையாது. என் பேர்ல கொசு கூடக் கிடையாது. மோந்து பார்க்கிறவன் பேர்ல ஒரு வவ்வால் குலமே இருக்கும்.

குஜூர் 2005லயே போயிட்டான். மஞ்சக்காமாலை. சாவுக்கு நான் போகலை, ஆபீஸ்ல அன்னிக்கு வேலை இருந்துச்சு. அவன் பொண்ணு சுஷ்மா இங்கே பாரட்டாங்ல நர்ஸ். இவங்க ரெண்டு பேரும் எப்படியோ சேர்ந்துட்டாங்க. வவ்வால் பொண்ணு குகை பார்க்க வர்றப்ப இவ வீட்டுலதான் தங்குதாம். ரெண்டு பேரும் சேர்ந்து போன் பண்ணினா எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அதான் இன்னிக்கு நேர்ல வந்து ஒரேயடியா முடிச்சுட்டுப் போயிடலாம்னு வந்தேன்.

போனா, சாப்பாடெல்லாம் போட்டாங்க. மீன் குழம்பு. நல்லாத்தான் இருந்துச்சு. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து சொன்னேன். இங்கே பாரும்மா, அந்த லேபிள் நான் எழுதினது, எழுதினபடி சரி, உங்க அப்பா பெக்கெட் தீவுல எந்த வவ்வாலையும் பிடிக்கலை, நான் கூடவே இருந்தேன், இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க. முடிஞ்சுது. வவ்வால் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு காகிதத்தை மடிச்சு உறையில போட்டுடுச்சு. பார்க்கப் பாவமாத்தான் இருந்துச்சு, ரெண்டு வருஷ உழைப்பு இல்லையா. நான் செருப்பை மாட்டிக்கிட்டேன்.

அப்ப சுஷ்மா கேட்டா. 'அங்கிள், எங்க அப்பாவுக்கு அந்த லேபிளை நீங்க படிச்சுக் காட்டுவீங்களாமே'ன்னா.

காட்டியிருக்கேன், இல்லைங்கலை. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா பாட்டிலையும் இறக்கிக் குறைஞ்ச ஸ்பிரிட்டை ஊத்தி நிரப்புவோம். குஜூர்தான் தூக்கிக் கொடுப்பான். இந்த பாட்டில் வந்தா நின்னுடுவான். பாபு, அதைப் படிங்கம்பான். அவனுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே. நான் பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, பழையபடி, முதல்ல பென்சில்ல எழுதினபடியே படிச்சுக் காட்டுவேன். அவன் பேர் வர்ற இடத்துல அவன் முகத்தைப் பார்க்கணும் நீங்க. பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பான். உள்ளே இருந்த காகிதத்துல அந்தப் பேரே கிடையாது, அது அவனுக்குத் தெரியாது. எனக்கென்ன போச்சு? ஒரு வார்த்தை படிச்சா அவனுக்கு ஒரு வருஷத்துக்குச் சந்தோஷம். பதினோரு வருஷம் இதே கூத்து. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும்.

சரி, ஏதோ படிச்சுக் காட்டினேன், இப்ப அதுக்கென்னன்னு கேட்டேன். சுஷ்மா கையைக் கட்டிக்கிட்டு, ஸ்கூல்ல பாட்டு ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பிச்சுது. இங்கிலீஷ்ல. பெக்கெட் தீவு, வடக்குக் கரை, கடல் குகை, வாயில இருந்து நாற்பது அடி உள்ளே, பதினாலு பிப்ரவரி தொண்ணூத்திமூணு, நம்பர் நாற்பத்தேழு, பிடித்தவர் ஜூலியஸ் குஜூர். நான் எழுதின அதே வரிசை. நான் நிறுத்தின இடத்துல நிறுத்துது. அவங்க அப்பன் ஒவ்வொரு வருஷமும் கேட்டுக்கிட்டு வந்து வீட்டுல சொல்லிச் சொல்லி, ஞாயித்துக்கிழமை ஜெபம் முடிஞ்சதும் பிள்ளைங்களை ஒப்பிக்க வச்சிருக்கான். அர்த்தம் அவனுக்கே தெரியாது. சத்தத்தை மட்டும் பிடிச்சு வச்சிருக்கான்.

வவ்வால் பொண்ணு படக்குன்னு எழுந்துடுச்சு. 'பல்லி லேபிள்ல நாற்பத்தாறு, நண்டு லேபிள்ல நாற்பத்தெட்டு, சார். நாற்பத்தேழு எங்கே போச்சுன்னு நான் தேடிக்கிட்டே இருந்தேன்'னு சொல்லுது. புது லேபிள்ல அந்த நம்பரை நான் எழுதலை, எழுதினா பெக்கெட் தீவுப் பல்லிக்கும் நண்டுக்கும் நடுவுல வந்து காட்டிக் கொடுத்துடும்னுதான் விட்டேன். அது சுஷ்மாவுக்கு எப்படித் தெரியும்னு என்னையே பார்க்குது.

இதுல ஒண்ணுமில்லை தம்பி, அப்படியே கிளம்பி வந்திருக்கலாம். அந்த பெனிட்டாவே எனக்கு வழியும் விட்டுச்சு. பாவம், ரொம்ப மரியாதையாத்தான் சொல்லுச்சு. 'சாருக்கும் வயசாயிடுச்சு, ஆயிரக்கணக்குல லேபிள் பார்த்திருப்பாங்க. பழைய லேபிள்னு ஒண்ணு இருந்திருந்தாலும், அது இத்தனை வருஷம் எப்படி ஞாபகம் இருக்கும்? வாய்க்கு வந்ததை ஏதோ படிச்சிருப்பாங்க சுஷ்மா, நம்பரும் தற்செயலா இருக்கலாம்.'

வாய்க்கு வந்ததா? நானா?

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். நேத்துப் பொறந்த பொண்ணு, லேபிள் எழுதறதுன்னா என்னன்னு தெரியுமா இதுக்கு? என் வாயில வந்த ஒரு எழுத்து தப்பா இருக்குமான்னு கேட்டேன். நாற்பது அடின்னா நாற்பது அடிதான், குஜூர் கயிறு கட்டி அளந்துட்டு வந்து சொன்னான், நான் என் கையால எழுதினேன், அந்தக் காகிதம் இன்னிக்கும் என் கண்ணுல நிக்குது, எங்கே பிடிச்சதுன்னு எனக்குத் தெரியாதாடின்னு கத்திட்டேன். மரியாதை இல்லாமத்தான் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு மடிச்சு வச்ச காகிதத்தை வெளியே எடுத்து நான் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டிருந்துச்சு. கையெழுத்து வேண்டாம் சார், நாங்க ரெண்டு பேர் கேட்டோம், அது போதும்னுச்சு.

போதுமா தம்பி? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. கோபத்துல ஒரு மனுஷன் கத்தினது எந்தப் புஸ்தகத்துல செல்லும்? செல்லாது. எந்த ஆபீஸ்லயும் ஒத்துக்க மாட்டாங்க. நான் அப்படி ஒண்ணு சொல்லவே இல்லைன்னு சொல்லிட்டாப் போச்சு. சொல்லுவேன். ஏன் சொல்லக் கூடாது?

ஆனா அந்த சுஷ்மா. வாசல் வரைக்கும் வந்தா. என் செருப்பு வார் கழண்டிருந்துச்சு, அவளே குனிஞ்சு மாட்டி விட்டா. திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்துட்டு நிம்மதியா வந்திருப்பேன். அவ அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இந்தியிலதான் பேசினா. இவ்வளவு நாளும் எங்க அப்பாவை நீங்க ஏமாத்திட்டீங்கன்னுதான் நினைச்சிருந்தேன் அங்கிள்னா.

'இப்பத்தான் தெரியுது. எங்க அப்பா ஒருத்தர்கிட்டதான் நீங்க பொய்யே சொல்லலை.'